பனியாற்றில் கேட்ட பசியாவரத்துத் தட்டு

எளாவூர் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். வரிசையில் இன்னும் பதினோரு பேர் நின்றார்கள். போன் அடித்தது. என் சிநேகிதி தேசம்மாவின் தம்பி முனிரத்தினம். "கஸ்தூரிக்கா, அக்கா பூட்டாங்க" என்றான். ஆறு மாதமாகச் சிறுநீரகம் அவரைப் படுத்திய பாட்டை வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிச்சமிருந்த பதினோரு பேருக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதி வேலையில் எழுந்தால் அவருக்குப் பிடிக்காது. அப்புறம் மருந்துப் பெட்டிகள் வைத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பேப்பரில் நான்கு வரி போட்டிருந்தார்கள். 'பழவேற்காடு ஏரி பெற்ற பனிமகள். அச்சமென்பதையே அறியாத மலையேற்ற வழிகாட்டி' என்று. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனிமகளாவது மண்ணாங்கட்டியாவது. அச்சம் அறியாதவரா? முப்பது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், அவரைப்போல் பயந்தவர் கிடையாது. "பயமே இல்லனு சொல்றவள என் கயித்துல கட்டாத" என்பார். பயந்ததால்தான் அத்தனை பேரை மேலே கூட்டிப்போய் அத்தனை பேரையும் கீழே கொண்டுவந்தார். அதை யாராவது ஒழுங்காக எழுத வேண்டும் என்பதற்காகத்தான் நானே உட்கார்ந்தேன்.

நேரில் நான் அவரை 'ஏய் தேசி' என்றுதான் கூப்பிடுவேன். இருவருக்கும் ஒரே வயது, ஏரிக்கரைப் பசியாவரத்தில் ஒரே தெரு. இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த மரியாதை அவருக்கு உண்டு, கொஞ்சம் தாமதமாகக் கொடுக்கிறேன்.

பொன்னேரியில் கல்லூரியில் படிக்கும்போது இருவரும் என்.சி.சி.யில் இருந்தோம். இமயமலையில் மலையேற்றப் பயிற்சிக்கு இரண்டு பெண்களை அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். இருவர் பெயரும் பட்டியலில் வந்தது. கிளம்பும் நாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை, பயம். தேசம்மாவுக்கும் பயம்தான், ஆனால் அவர் பயத்தோடு ரயில் ஏறினார். திரும்பி வந்தவரிடம் எப்படியிருந்தது என்று கேட்டேன். "ஏரி மாதிரிதான்டி இருக்கு. இன்னா, நிமுத்தி வெச்சிருக்கான்" என்றார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் இனி இங்கே தங்க மாட்டார் என்று.

தங்கவில்லை. படிப்படியாகப் பயிற்சிகளை முடித்தார். மணாலியில் ஒரு மலையேற்ற நிறுவனத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். வருடத்தில் ஐந்து மாதம் பனியாறுகளின் மேல் கூடாரம் போட்டுக்கொண்டு, பெரிய ஊர்களிலிருந்து வருகிறவர்களைச் சிகரங்களுக்குக் கூட்டிப்போவதுதான் வேலை. மலையில் அடிக்கும் காற்றுக்கெல்லாம் நம் ஏரிப் பெயர்களையே வைத்திருந்தார். மேற்கிலிருந்து வந்தால் கச்சான், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கே மேகம் லேசாகக் கறுத்தால் போதும், "கச்சான் வருது, கயித்த இறுக்கு" என்று கத்துவாராம். அவருடன் வேலை பார்த்த வழிகாட்டி திக்கம், அங்கே லாகௌல் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவரே கடைசியில் 'கச்சான் கச்சான்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரம் மட்டும் தேசம்மாவுக்குப் பிடி கொடுக்கவில்லை. மூன்று முறை போய் மூன்று முறையும் வானிலை கெட்டுப் பாதியில் திரும்பினார். மூன்றாவது முறை திரும்பி ஊருக்கு வந்திருந்தபோதுதான், மீன் ஏலம் விடும் இடத்தில் நின்றுகொண்டு, அடுத்த முறை ஊர்ப் பெண்களோடு போகப் போவதாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. மீன் கூடை தூக்குகிறவளுங்களுக்கு மலை இன்னாத்துக்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். "கூட தூக்கறதால தான் மாமா கூப்பிடறேன். டவுன்லருந்து வர்றவங்க ரெண்டு கிலோ பைய தூக்கவே அழுவறாங்க" என்றார் தேசம்மா.

ஆறு பேர் சேர்ந்தோம். பழைய பொய்க்காய்ச்சல் என்னை இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது, அதனால் முதலில் கை தூக்கியவள் நான். இரண்டு வருடம் எங்களை வாட்டி எடுத்தார். அன்னக்கூடையில் மணல் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். அன்னக்கூடை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பெண்கள் மீன் சுமக்கும் அகலமான அலுமினியப் பாத்திரம். தன் அம்மா மீன் விற்ற அன்னக்கூடையையே தேசம்மா மலைக்கும் எடுத்து வந்தார், பனி உருக்கித் தண்ணீர் எடுக்க. நிறுவனம் கொடுத்த பாத்திரங்கள் இருக்கும்போது இந்தச் சுமை எதற்கு என்று திக்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

பனியாற்றில் முதல் நாளே ஊர்ப் புத்தியைக் காட்டினோம். ஏரியில் வலை கட்டக் கழி ஊன்றிப் பழகிய கைகள் இல்லையா, கூடாரத்தின் இரும்பு முளைகளைக் கழி ஊன்றுவதுபோலவே சாய்த்து, பனிக்கட்டியில் ஓங்கி அடித்து இறக்கினோம். என்ன பலமாக நிற்கிறது பார் என்று எங்களுக்கு ஒரே பெருமை. தேசம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வெயில் ஏறியதும் இரும்பு சூடாகி, முளையைச் சுற்றிப் பனி உருகி, ஒரு காற்றுக்கு இரண்டு கூடாரங்கள் பாய் விரித்த படகுபோலக் கிளம்பிவிட்டன. துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தோம். அதற்கப்புறம்தான் பைகளில் பனியை அடைத்து, கூடாரக் கயிற்றை அதில் கட்டிக் குழியில் புதைக்கச் சொல்லிக்கொடுத்தார். முன்பே சொன்னால் என்ன என்று நான் சண்டைக்குப் போனேன். சொல்லியிருந்தால் மறந்திருப்பீர்கள் என்றார்.

நான்கு நாள் மேகம் கலையவில்லை. ஐந்தாம் நாள் சாட்டிலைட் போனில் செய்தி வந்தது: மறுநாள் காலை அரை நாள் மட்டும் வானம் தெளியும், அதற்குப் பிறகு மோசம். அரை நாளில் போய் வர வேண்டுமென்றால் ஒரு கயிற்றில் நான்கு பேர், ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். மற்ற இரண்டு பேருடன் இன்னொரு வழிகாட்டி கூடாரத்தில் இருந்தாக வேண்டும்.

எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதைப் பாடு என்போம். இந்த முறை விழாதவருக்கு அடுத்த முறை முதல் இடம். விழுந்ததை யாரும் மாற்றக் கூடாது. அந்தச் சீட்டில் எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பெயர்கூட இருந்ததில்லை. அன்றைக்குத் தேசம்மா பிஸ்கட் அட்டையைக் கிழித்து ஆறு பெயர் எழுதி அன்னக்கூடையில் போட்டார். அமுதாவுக்கும் செல்விக்கும் விழவில்லை. பிறகு தன் பெயரையும் திக்கத்தின் பெயரையும் எழுதிப் போட்டு என்னையே எடுக்கச் சொன்னார். என் பாழும் கை திக்கத்தின் சீட்டை எடுத்தது.

திக்கம் பதறிவிட்டார். மூன்று முறை திரும்பியவர் நீங்கள், இது உங்கள் மலை, நான் இருந்துகொள்கிறேன் என்று இந்தியில் மன்றாடினார். தேசம்மா அவருக்கு இந்தியில் பதில் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பாடு வுழுந்தாச்சு. ஆம்பளைங்க மட்டும்தான் மாத்தாம நிப்பாங்களா?" என்றார். முகத்தில் ஏமாற்றம் தெரியத்தான் செய்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

விடியும் முன் கிளம்பினோம். பத்து மணிக்கு, பசியாவரத்து மீன்காரிகள் நான்கு பேர் அந்தச் சிகரத்தின் மேல் நின்றோம். நான் நர்ஸ் என்றாலும் அன்றைக்கு மீன்காரிதான். சுற்றிலும் வெள்ளை மலைகள், எங்களுக்கு மேலே வானத்தைத் தவிர எதுவும் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்ததில்லை, என் பிள்ளைகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இறங்கும்போது கச்சான் பிடித்துக்கொண்டது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே மேகம் மலையை மூடியது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. முன்னால் போகிறவளின் முதுகு தெரியவில்லை. வழிக்கு நட்டிருந்த கொடிகள் பனியில் புதைந்துவிட்டன. கூடாரம் வலப்பக்கம் என்று திக்கம் நினைத்தார், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கேயே குழி தோண்டி உட்காரலாமா என்று யோசித்தார். உட்கார்ந்திருந்தால் ஐந்து பேரும் விறைத்திருப்போம்.

அப்போது கேட்டது. டங், டங், டங். கொஞ்சம் நிறுத்தி, டங், டங்.

மார்கழி, தை மாதங்களில் ஏரியில் பனி மூட்டம் இறங்கினால் படகுகளுக்குக் கரை தெரியாது. பெண்கள் கரையில் நின்று அன்னக்கூடையைத் தட்டுவோம். ஊருக்கு ஊர் தட்டு வேறு, இல்லாவிட்டால் படகு அடுத்த ஊருக்குப் போய்விடும். மூன்று தட்டி, நிறுத்தி, இரண்டு தட்டினால் அது பசியாவரம். நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் திரும்பினோம். திக்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ எதிரொலி, நம்ப வேண்டாம் என்றார். நான் எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், அது எங்கள் ஊர் என்றேன். அதற்குப் பிறகு அவர் பனிக்கோடரியால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் நடந்தார்.

எவ்வளவு நேரம் நடந்தோம் என்று தெரியாது. தட்டு ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசியில் மஞ்சளாக ஒரு கூடாரம், அதற்கு முன்னால் இடுப்புவரை பனி ஏறி நின்ற தேசம்மா. கரண்டி உடைந்து, பனிக்கோடரியின் பிடியால் தட்டிக்கொண்டிருந்தார். அமுதாவும் செல்வியும் மாற்றிவிடுகிறோம் என்று கெஞ்சியும் கொடுக்கவில்லையாம். ஆள் மாறினால் தட்டு தப்பிவிடும் என்று பயம். ஐந்து தலைகளையும் எண்ணினார். "எல்லாம் வந்துட்டீங்களா? டீ போடுங்கடி, கை வலிக்குது" என்றார்.

மறுநாள் வானம் வெளுத்ததும் பார்த்தோம். நாங்கள் போகவிருந்த வலப்பக்கம் முழுக்கப் பனிப் பிளவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டை இறக்கலாம். திக்கம் அந்த நசுங்கிய அன்னக்கூடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேசம்மாவின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் கறுத்துப்போயிருந்தன. ஊர் திரும்பியதும் எடுக்க வேண்டியதாயிற்று. கட்டு மாற்றியவள் நான். அழுததும் நான்தான். "எட்டு வெரல் முழுசா இருக்குல்ல, சும்மா பேஜார் பண்ணாத" என்றார்.

விழாதவருக்கு அடுத்த முறை முதல் இடம் என்று சொன்னேன் அல்லவா? அடுத்த வருடம் அமுதாவையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு அதே மலைக்குப் போனார். மூவரும் ஏறினார்கள். மேலேயிருந்து எனக்கு சாட்டிலைட் போன் வந்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே இவ்வளவுதான் கேட்டது: "கஸ்தூரி, பாடு முடிஞ்சுது." பிறகு மூன்று பேரும் கூச்சல் போட்டார்கள். நான் சுகாதார நிலையத்தில், வரிசையில் நின்றவர்கள் முன்னால் துள்ளிக் குதித்தேன். அந்த வருடம் மீன் ஏலத்தில் அவருக்கு மாலை போட்டவர், இன்னாத்துக்கு என்று கேட்ட அதே பெரியவர்தான்.

செத்த பிறகு தன்னைப் படகில்தான் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். தை மாதக் காலை, ஏரி முழுக்க மூட்டம். படகில் முனிரத்தினமும், மணாலியிலிருந்து ஓடி வந்திருந்த திக்கமும் அவருடன் இருந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் கரையில் நின்றோம். என் கையில் அந்த நசுங்கிய அன்னக்கூடை. தட்ட ஆரம்பித்ததும் பின்னால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று, நிறுத்தி, இரண்டு.

பிறகு முனிரத்தினம் சொன்னான். நடு ஏரியில் திசை தெரியாமல் படகுக்காரர் இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்தாராம். அவருக்கு முந்தியே திக்கம் எழுந்து நின்று கையை நீட்டினாராம். அது பசியாவரம் என்றாராம்.

மூட்டத்திலிருந்து படகின் முனை நேராக எங்களை நோக்கி வந்தது. அடிப்பாகம் மணலில் உரசும்வரை தட்டினோம். கை வலித்தது. வந்து சேர்ந்துட்ட தேசி. டீ போட்டு வெச்சிருக்கோம், குடிச்சிட்டுப் போ.