தோல் சீவிய வேர்கள்

இன்று எங்கள் தீவின் கப்பல் ஜெட்டியிலிருந்து டாலிகஞ்ச் போகும் பஸ்ஸில், பக்கத்துத் தோட்டத்து முத்தையா அண்ணன் இரண்டு மூட்டையோடு ஏறினார். ரத்தக்கொதிப்பு மருந்துக்காகச் சர்க்கார் நாற்றுக் கொடுத்து வளர்க்கச் சொன்ன சர்ப்பகந்தாவின் வேர். மெயின்லேண்ட் மருந்துக் கம்பெனி வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டது.

"ஏன் அண்ணே?"

"தோலைச் சீவிட்டேன் டீச்சர். சுக்கை அப்படித்தானே பஜார்ல வாங்குறான்? வெள்ளையா, சாஃபா, சுத்தமா இருக்கட்டும்னு நெனைச்சேன். மருந்தே தோல்லதானாம்."

"ஆபீஸ்ல யாரும் சொல்லலையா?"

"நாத்து குடுத்தாங்க, கம்பிவேலி குடுத்தாங்க, மாலை போட்டு மீட்டிங் வச்சாங்க. இதை மட்டும் எந்த ஆபீசர் சாபும் சொல்லல."

இந்தச் செடிக்காகத் தோட்டத்து வாழையை முழுக்க வெட்டியவர் அவர். இனி விற்க வேறு எதுவும் இல்லை.

மூட்டையைப் பார்த்த கண்டக்டர், "க்யா பாய், விறகா?" என்றார்.

"இனிமே விறகுதான்."

இறங்கும்போது என்னிடம், "அடுத்து வேற மருந்துச்செடி தர்றாங்களாம். வாங்கட்டுமா?" என்றார்.

"அதுல எந்தப் பாகம் வேணும்னு முதல்ல கேளுங்க."

"கேட்டேனே. மெயின்லேண்டுக்கு எழுதிக் கேக்கணுமாம். அடுத்த கப்பல் வரட்டும்ங்கறாரு சாப்."

அந்தப் புதுச் செடியின் நாற்றுகள் மட்டும் நேற்றைய கப்பலிலேயே வந்து இறங்கிவிட்டன. அவரை வாங்கச் சொல்வதா, வேண்டாம் என்பதா? தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.