ஜமால் பாயின் குன்றுக்கு அடியில் ஒரு தட்டு

காலை 7.40. எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனிலிருந்து அக்கரைக்குப் புறப்பட்ட ஃபெரியில் உயிர்காப்புச் சட்டைகளை எண்ணத் தொடங்கி அறுபத்து மூன்றில் நிறுத்தினேன். மனம் அங்கே இல்லை. அக்கரையில், தாசேக் கெலுகோரில், என் நண்பர் ஜமால் பாய் பத்தரை மணிக்குப் பாறை உடைக்கும் இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தார். அதற்குள் நான் போய்ச் சேர வேண்டும்.

தன் நாசி கண்டார் சோற்றுக்கடையை விற்றுவிட்டு, அங்கே ஒரு குன்றின் சரிவில் நாற்பது டுரியான் பழமரக் கன்றுகள் வைத்திருக்கிறார் பாய். சரிவில் கசியும் ஊற்றுதான் அவற்றுக்கு ஒரே தண்ணீர். மழை இல்லாமல் அது சுருங்கிவிட்டது. ஊற்றுவாயின் பாறையை உடைத்தால் தண்ணீர் பெருகும் என்று நேற்று தொலைபேசியில் சொன்னார். பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். பாறையைப் பார்க்காமல் சரி, தவறு சொல்ல முடியவில்லை; இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

ஃபெரி இறங்கிய பட்டர்வொர்த்திலிருந்து வாடகைக் காரில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், கட்டணம் இருபத்தாறு வெள்ளி. ஐந்தாம் முறை கடிகாரத்தைப் பார்த்தபோது ஓட்டுநர்ப் பெண் சிரித்தார். "அங்கிள், இதுக்கு மேல ஓட்டினா சம்மன் வரும். நீங்க கட்டுவீங்களா?"

9.25. பாய் வாசலில் நின்றார்.

"வாத்தியாரே, மொதல்ல சாப்புடுங்கலா."

"மொதல்ல பாறை."

சரிவின் மேற்பகுதி சொரசொரப்பான மணற்கல், விரிசல் விரிசலாக. அதன் அடியில் சாம்பல் நிற வண்டற்கல். நுண்ணிய வண்டல் படிந்து இறுகிய பாறை. குன்றில் பெய்யும் மழை விரிசல்களில் இறங்கி, இந்த இறுக்கமான கல்லைத் தாண்ட முடியாமல், அதன்மேல் நகர்ந்து வெளியே வருகிறது. இரண்டும் சேரும் கோட்டில் பாசி. ஒரு சாண் கீழே வெறும் தூசி.

"இந்தக் கல்லுதானே தண்ணிய அடைச்சிக்கிட்டு நிக்குது?" என்றார் பாய்.

"அடைக்கல, தாங்குது. ஒங்க கடையில சோத்து மேல கொழம்ப வெள்ளமா ஊத்துவீங்களே. பத்தலன்னா தட்டுல ஓட்டை போடுவீங்களா?"

பாய் குனிந்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். "போட்டா?"

"தண்ணி கீழ எறங்கிடலாம். நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா எறங்கினா, திரும்ப ஏறாது."

"காலம் பூரா தட்டு கழுவினவனுக்கே தட்டப் பத்திப் பாடமா!" என்று முனகியபடி கைபேசியை எடுத்தார். "தம்பி, மெஷின் வேணாம்லா. வந்துக்கிட்டு இருக்கியா? சரி, சாப்புட வா."

சாப்பிட்டபின், கல்லைத் தொடாமல், கோட்டில் அடைத்திருந்த வேரையும் சேற்றையும் கரண்டியால் எடுத்தோம். ஒரு குழாய் பதித்து, கீழே தொட்டி வைத்தோம். காலையில் நான் அளந்தபோது நான்கு நிமிடத்தில் நிறைந்த வாளி, மாலையில் மூன்று நிமிடத்தில் நிறைந்தது. பாய் அதே வாளியிலிருந்து முதலில் எனக்குக் குடிக்கக் கொடுத்தார்.

இரவு தீவுக்குத் திரும்பி வீட்டுக் குழாயைத் திறந்தேன். முப்பது நொடியில் வாளி நிறைந்தது. எங்கள் தீவுக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்தக் கரையிலிருந்துதான் வருகிறது. இத்தனை வயதில் ஒருநாளும் அதற்கு நன்றி சொன்னதில்லை; அன்று சொன்னேன்.

மறுநாள் காலை பாய் அழைத்தார். "வாத்தியாரே, தொட்டி வழியுது. நாப்பது கன்னுக்கும் ஊத்தியாச்சு."

"எண்ணினீங்களா?"

"ஒங்களோட ஒரு நாள் இருந்துட்டு, எண்ணாம இருக்க முடியுமா?"