இரண்டு பேஸுக்கும் பொட்டு

1. ஃபேரர் பார்க் திடல்

கோவிந்தசாமி அண்ணன் ஆர்மோனியத்தில் ஆலாபனையைத் தொடங்கிவிட்டார். அது முடிந்ததும் நான் பேஸ் கித்தாருடன் பாட்டுக்குள் நுழைய வேண்டும். எனக்குப் பின்னால் இரண்டு ஸ்டாண்டுகளில் இரண்டு பேஸ் கித்தார்கள் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு நிறம். ஒன்றில் மட்டும்தான் குங்குமப் பொட்டு இருக்க வேண்டும். அதுதான் தமிழ்ப் பாட்டுக்கு உரியது. திரும்பிப் பார்த்தேன். இரண்டிலும் பொட்டு இருந்தது.

இது 1966ஆம் ஆண்டு விஜயதசமி மாலை. எங்கள் குழுவில் சிலர் 1965 என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது சரியல்ல. நான் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குக் குடிபோனதே 1965 டிசம்பரில். இரண்டாவது பேஸ் வந்து சேர்ந்தது அந்த வீட்டுக்கு. ஆகவே 1966தான்.

2. ஒரு பேஸ் ஏன் போதவில்லை

இன்று மேடையில் வாசிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "ஒரே பேஸை வச்சுக்கிட்டு வாசிச்சா என்ன அங்கிள்?" நியாயமான கேள்வி.

எங்கள் குழு இரண்டு வகைப் பாட்டும் வாசித்தது. தமிழ்ப் பாட்டுக்குக் கோவிந்தசாமி அண்ணனின் ஆர்மோனியம். இங்கிலீஷ் பாட்டுக்கு ஜலீல் பாயின் அக்கார்டியன். ஜலீல் பாய் பகலில் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை நடத்துபவர். சாயங்காலம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ட்விஸ்ட், ச்சா ச்சா எல்லாம் பாடுவார். சிக்கல் என்னவென்றால், ஆர்மோனியத்தின் சுருதி அக்கார்டியனைவிடச் சற்று ஏற்றம். சரியாக அரைக் கட்டை ஏற்றமாக இருந்திருந்தாலும் நான் வேறு இடத்தில் விரலை வைத்துச் சமாளித்திருப்பேன். அரைக் கட்டையும் இல்லை, அதற்கும் குறைவு. இரண்டு வாத்தியத்திலும் ஒலி தருவது ரீடு என்ற உலோக நாக்குதான். மேடையில் நின்றபடி திருகிச் சரிசெய்ய முடியாது. இரண்டுக்கும் நடுவில் நான் ஒருவன் மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு கம்பியையும் முறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தேன்.

தமிழ்ப் பாட்டை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, பிறகு இங்கிலீஷ் வாசித்தும் பார்த்தோம். முதல் பாதி முடிந்ததும் பெரியவர்கள் எழுந்து போனார்கள். இரண்டாம் பாதிக்குத்தான் இளைஞர்கள் வந்தார்கள். பாதித் திடல் எப்போதும் காலி. ஒன்று மாற்றி ஒன்று வாசித்தால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நான் கம்பி முறுக்கும் நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

ஒருநாள் ஜலீல் பாய் மேடையிலேயே பொரிந்து தள்ளினார்.

"மணி, நீ நல்லா முறுக்கு. கூட்டம் பூராவும் கச்சாங் பூத்தே கடலை வாங்கப் போயிடுச்சு. நான் தனியா ஒரு இங்கிலீஷ் பேண்டு ஆரம்பிச்சுக்கிறேன் லா. நீங்க தமிழ்ப் பாட்டு பாடுங்க. யாருக்கும் சங்கடம் இல்ல."

"போறதுன்னா போ" என்றார் அண்ணன், ஆர்மோனியத்திலிருந்து கையை எடுக்காமல். "மாமியாரும் மருமகளும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடல? உனக்கு மட்டும் தனி இலை வேணுமா?"

அன்று சிரித்தோம். ஆனால் பாய் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

செம்பவாங் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயிடம் என்னுடையதைப் போலவே ஒரு பேஸ் இருந்தது. ஒன்று ஆர்மோனியச் சுருதிக்கு, மற்றது அக்கார்டியன் சுருதிக்கு என்று வேண்டுமென்றே அதே மாதிரியைத் தேடித்தான் அவனிடம் போய் வாங்கினேன். கழுத்தின் பருமனும் கம்பிகளின் இடைவெளியும் ஒன்றாக இருந்தால்தான் மாற்றும்போது விரல் தடுமாறாது.

மாற்றுவதற்கும் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரில் ஒயர் சொருக இரண்டு ஜாக். இரண்டு பேஸும் எப்போதும் சொருகியபடியே இருக்கும். நடுவில் ஒயரைப் பிடுங்கினால் ஸ்பீக்கர் வெடிச்சத்தம் போடும். முதலில் கையில் இருப்பதன் வால்யூமைச் சுத்தமாகக் குறைக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டில் வைக்க வேண்டும். அடுத்ததை எடுத்து, அதன் ஸ்ட்ராப் வாரைத் தலைவழியாக மாட்டாமல் ஒற்றைத் தோளில் மட்டும் தொங்கவிட வேண்டும். அதன் பிறகே அதன் வால்யூமை ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் சேர்ந்து ஊளையிடும். வீட்டில் பழகிப் பழகி, பாய் "தேங்க் யூ" சொல்லி முடிப்பதற்குள் மாற்றும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அடையாளத்துக்கு மட்டும் பெரிதாக யோசிக்கவில்லை. ஆர்மோனியத்தில் எப்போதும் பொட்டு இருக்கும். அதோடு சேர்கிற பேஸுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அவ்வளவுதான்.

3. ஆயுதபூசை

விஜயதசமி நிகழ்ச்சி எங்களுக்குப் பரீட்சை போன்றது. ஒரு பொழுதுபோக்குக் கிளப்பின் செயலாளர் துரைராஜ் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் அவர்கள் கிளப்பில் மாதந்தோறும் வாசிக்கலாம். ஜலீல் பாயும் தம் தரப்பில் ஒன்று சொல்லியிருந்தார்: "இன்னைக்கு இடைவெளி இல்லாம ஓடிச்சுன்னா இருக்கேன். இல்லைன்னா தீபாவளியோட சலாம்."

முதல்நாள் ஆயுதபூசை. வழக்கம்போல எல்லா வாத்தியங்களையும் அண்ணன் வீட்டில் சாமிக்கு முன்னால் வைத்தோம். வைப்பதற்கு முன்பே இரண்டு பேஸையும் அதனதன் சுருதிக்குச் சேர்த்துவிட்டேன். பூசையில் வைத்ததை மறுநாள் முதல் பாட்டு வரை யாரும் மீட்டக்கூடாது என்பது அண்ணனின் கட்டளை. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. லாரி தாமதமாக வந்தது. வாத்தியங்கள் உறையிலிருந்து நேராக மேடைக்கு ஏறின. அவசரத்தில் பேஸ்களைச் சரியாகப் பார்க்காமலே சொருகி நிறுத்தினேன்.

பிறகு நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். மேடையோரம் அண்ணனின் மனைவி புஷ்பம் அண்ணி நின்றிருந்தார். சைகையில் பொட்டைக் காட்டினேன். அவர் மலர்ந்த முகத்தோடு கிட்டே வந்தார்.

"நான்தான் வச்சேன் தம்பி. ஒண்ணுக்கு வச்சுட்டு இன்னொண்ண விட்டா அது கோவிச்சுக்காதா? தேங்காய் எண்ணெய் போட்டுத் தொடச்சும் வச்சேன், பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

கைபட்ட அழுக்கைக் கொண்டாவது கண்டுபிடிக்கலாம் என்ற வழியும் அந்த எண்ணெயோடு போயிற்று. வால்யூமை ஏற்றி மீட்டிப் பார்த்தால் திடல் முழுக்கக் கேட்கும். ஏற்றாமல் மீட்டினால் அந்தக் கூட்டத்தின் இரைச்சலில் எனக்கே கேட்காது. முதல் வரிசையில் துரைராஜ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆலாபனை முடியப் போகிறது. ஜலீல் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரத்தில் பல்லை வைத்தால் கம்பியின் ஒலி எலும்பு வழியாகக் காதுக்கு ஏறும் என்று எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. படித்ததெல்லாம் வீண் போகாது. இடப்பக்கத்துப் பேஸைத் தூக்கி, அதன் உடம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைக் கவ்விக் கடித்துக்கொண்டு கம்பியை மெல்லத் தட்டினேன். மண்டைக்குள் மணி அடித்தது போலத் தெளிவாகக் கேட்டது. ஆனால் ஆர்மோனியத்தோடு சேரவில்லை. வைத்துவிட்டு மற்றதைக் கடித்தேன். சேர்ந்தது. சரியான இடத்தில் உள்ளே நுழைந்தேன். வாய் முழுக்கத் தேங்காய் எண்ணெய்.

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. இரண்டு பொட்டும் என் மூக்கிலும் கன்னத்திலும் அப்பியிருந்தது எனக்குத் தெரியாது. அடுத்தது இங்கிலீஷ் பாட்டு. பேஸை மாற்றும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை கடித்துப் பார்த்துக்கொண்டேன். கைதட்டல் எழுந்தது. மூன்றாவது பாட்டுக்குக் கடிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் பின்வரிசையிலிருந்து, "அண்ணே, கடிக்காம ஆரம்பிச்சுடாதீங்க!" என்று குரல் வந்தது. கடித்தேன். அன்று மாலை முழுவதும் கச்சாங் பூத்தே வாங்க ஒருவரும் எழுந்து போகவில்லை.

4. தீர்ப்பு

நிகழ்ச்சி முடிந்ததும் துரைராஜ் மேடைக்கு வந்தார். அண்ணனுக்குக் கை கொடுத்தார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் நல்லா போச்சு. கேப் இல்லாம போச்சு. எங்க கிளப்புக்கும் வாங்க. ஆனா ஒண்ணு மிஸ்டர் மணி, அந்தக் கடிக்கிற ஐட்டம் கண்டிப்பா இருக்கணும்."

ஜலீல் பாய் அக்கார்டியனைப் பெட்டியில் வைத்தபடியே சொன்னார்: "நான் எங்கயும் போகல லா. இவன் அடுத்து எதைக் கடிக்கிறான்னு பார்க்கணும்."

விஷயம் முழுவதும் தெரிந்தபோது புஷ்பம் அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

"அடையாளம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒண்ணுக்குக் குங்குமம், ஒண்ணுக்குத் திருநீறுன்னு வச்சிருப்பேனே! இதுக்குப் போயி மரத்தை ஏன் தம்பி கடிச்சீங்க?"

இரண்டு வருடம் சுருதியோடும் ஜாக்கோடும் மல்லுக்கட்டிய எங்கள் மூவருக்கும் அது தோன்றவில்லை. மறுநாளிலிருந்து தமிழ்ப் பேஸுக்குக் குங்குமம், இங்கிலீஷ் பேஸுக்குத் திருநீறு. அண்ணி கையாலேயே வைத்தார்.

மேடைத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கருவியில் ஓர் அடையாளம் வைத்தால், அதன் காரணத்தை அந்தக் கருவியைத் தொடுகிற எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். அன்போடு தொடுகிறவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.

கிளப்பில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வாசித்தோம். எது எந்தப் பேஸ் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடித்தேன். துரைராஜ் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.