உப்பை மூக்கால் பார்ப்பவர்

பிரசாந்தன் உப்புப் பார்ப்பது மூக்கால். அரைத்த ஆட்டிறைச்சியில் வெங்காயமும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசைந்து, ஒரு சிட்டிகையை விரல்நுனியில் எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடுவார். "கொஞ்சம் குறையுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மற்றச் சமையல்காரர் என்றால் ஒரு துண்டைச் சுட்டு வாயில் போட்டுப் பார்ப்பார்கள். இவர் சுட்ட துண்டை முதலாளியின் மகள் ஆனியிடம் நீட்டுவார். அவள் மென்று தலையாட்டிய பிறகுதான் மிச்சம் கம்பியில் ஏறும்.

டூங்கபியில் என் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலம் ஓடினால் அந்த ஆர்மேனியச் சாப்பாட்டுக்கடை வரும். ஏழே ஏழு மேசை. ஹாகோப் முதலாளி, குசினி அவருடைய மனைவி சீரானின் ஆட்சி, ஆனி பரிமாறுவாள். குடும்பத்துக்கு வெளியே சம்பளத்துக்கு நிற்கும் ஒரே ஆள் பிரசாந்தன். நாற்பத்துமூன்று வயது. ஒடிசலான உடம்பு. கரியடுப்பு முழுவதும் அவர் பொறுப்பு. அங்கே "பிரஷ்" என்றால்தான் ஆளைத் தெரியும்.

நான் வெள்ளிதோறும் அங்கே போகிறேன். வெள்ளிக்கிழமை மச்சம், அதுதான் மீன் இறைச்சி, தின்பதற்கு எனக்கு வெட்கம் கிடையாது. நாலு வருடத்துக்கு முதல் ஒருநாள், கபாப்பில் கை வைக்கும்போது குசினிக்குள்ளிருந்து "அட சனியனே!" என்று சுத்தமான கிளிநொச்சித் தமிழ் கேட்டது. எட்டிப்பார்த்தால் பிரசாந்தன் விரலைச் சுட்டுக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அன்ரி.

அவர் மச்சம் தொடுவதில்லை என்பது எனக்குத் தெரியவர மூன்று வெள்ளி எடுத்தது. மத்தியானச் சாப்பாடு லவாஷ் ரொட்டிக்குள் பருப்பும் சம்பலும் சுருட்டினது. நோன்பு காலத்தில் ஆர்மேனியர் திராட்சை இலையில் சோறும் பருப்பும் வைத்துச் சுற்றுவார்கள். சீரான் அதை இவருக்காக வருடம் முழுக்கச் செய்கிறாள். இவர் அதற்கு வைத்த பெயர் இலைக்கொழுக்கட்டை.

"சைவமோ தம்பி?" என்று கேட்டேன்.

"சீ, இல்லை அன்ரி. நான் இரத்த வறை எண்டா உயிரை விடுவன். இது நேர்த்தி. முதல்தரம் விசா மறுத்த அண்டு முருகனிட்ட வைச்சனான். வழக்கு முடியும் மட்டும் மச்சம் வாயில வைக்கிறதில்லை. ஊரில யோகாவும் அப்பிடித்தான்."

யோகா மனைவி. 2012இல் இவர் படகேறியபோது அவள் வயிற்றில் நாலு மாதம். அந்தப் பிள்ளை இப்போது போனில் அப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். நேர்த்தி வைத்து ஒன்பது வருடம். அவ்வளவு காலமும் நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஆட்டுக்கொழுப்புப் புகைக்குள் நிற்கிறார். முருகன் சோதிக்கிறான் என்றால் இப்படியுமா சோதிப்பான்? எனக்குக் கோபம் வரும். அவருக்கு வராது. "மணம் வந்தா மூச்சை வெளியில விடுவன் அன்ரி, உள்ளுக்கு இழுக்கமாட்டன். பழகீட்டுது" என்பார்.

லீவு எடுப்பதில்லை. "லீவு எண்டா யோசனை வரும்." போனை மேல்தட்டில், மிளகாய்த்தூள் டின்னுக்குப் பின்னால் வைத்திருப்பார். வழக்கறிஞர் அழைத்தால் இரண்டு கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏப்ரனைக் கழற்றி, நிமிர்ந்து நின்றுதான் பேசுவார். கை கழுவி முடிவதற்குள் போன் பலதடவை நின்றிருக்கிறது. "எடுத்த பிறகு கழுவுமன்" என்றேன். "லோயரோட இறைச்சிக் கையால கதைக்கிறதோ?" என்று என்னைத்தான் முறைத்தார்.

போன மாதம் ஹாகோப் என் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பெய்ரூட்டில் பிறந்து, சண்டைக்குத் தப்பி, கடதாசிக்காக அலைந்து இங்கே வந்த மனிதர். பிரஷின் கடைசி மேன்முறையீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்றார். அதற்கு முதல் அவர் பெயரில் ஒரு மதாக் கொடுக்கப் போகிறோம் என்றார். மதாக் என்பது அவர்களுடைய நேர்த்திக்கடன். பாதிரியார் மந்திரித்த உப்பைப் போட்டு ஒரு முழு ஆட்டை அவிப்பார்கள். வேறு சரக்கு எதுவும் கிடையாது. வருகிறவர்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து, பொழுதுபடுவதற்குள் தீர்த்துவிட வேண்டும். ஹாகோப் வீட்டு வழக்கப்படி, யாருக்காகக் கொடுக்கிறார்களோ அவருக்குத்தான் முதல் தட்டு. அவர் தின்னாவிட்டால் மதாக் பலிக்காது.

"பிரஷ் இறைச்சி தின்பதை நான் கண்டதில்லை. உங்கள் சமயத்தில் குற்றமா?" என்று கேட்டார்.

தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை அடுத்தவனையும் கெடுக்கும். "சமயமாவது ஒன்றாவது, நாங்கள் ஆடு, நண்டு எல்லாம் தின்கிற ஆட்கள்தான்" என்று சொல்லிவிட்டேன். நேர்த்தியைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஒன்பது வருட விரதம் அந்த மனிதனை உருக்கிவிட்டது, ஒரு நல்ல காரியத்தின் பெயரிலாவது இரண்டு துண்டு உள்ளே போகட்டும் என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி! ஹாகோப் அன்றைக்கே ஆட்டுக்குச் சொல்லிவிட்டார்.

நான் செய்தது என்னவென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தின்றால் நேர்த்தி முறியும். நாளைக்கு வழக்குத் தோற்றால் அந்த இரண்டு துண்டுதான் காரணம் என்று சாகும்வரை நம்புவார். தின்னாவிட்டால் சோறு போடுகிற குடும்பத்தின் முகத்தில் அடித்த மாதிரி. அடுத்த இரண்டு வெள்ளியும் அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

மதாக் கொடுக்கிற ஞாயிறு மத்தியானம் போனபோது கடை நிரம்பியிருந்தது. ஹாகோப்பின் தேவாலயத்து ஆட்கள், பக்கத்துக்கடை முடிவெட்டுகிறவர், தெருவில் போனவர்கள். பெரிய அலுமினியப் பானையை ஹாகோப்பே கிண்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கரியடுப்பு பற்றவைக்கவில்லை. நான் நேரே பின்பக்கம் போனேன். பிரசாந்தன் முற்றத்தில் குந்தியிருந்து, யாரும் கேட்காமலே, தட்டைக் கம்பிகளை ஒவ்வொன்றாக உரஞ்சிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பிழை என்னிலதான்" என்று தொடங்கி, ஹாகோப்பிடம் நான் உளறியதை ஒப்புவித்தேன். "நீர் தின்ன வேண்டாம். நான் போய் நேர்த்தியைச் சொல்லுறன். அந்த மனுசனுக்கு விளங்கும்."

"வேண்டாம் அன்ரி. நான் சாப்பிடுவன்."

"நேர்த்தி?"

கம்பியைக் கீழே வைத்தார். "அது முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் லோயர் கோல் எடுத்தவர். தள்ளுபடியாம். இனி மேல போக வழியில்லையாம். முப்பத்தைஞ்சு நாள் விசா இருக்கு, அதுக்குப் பிறகு வேலை செய்யேலாது. ஊருக்குப் போற அலுவலைப் பாக்கச் சொன்னவர்."

பக்கத்தில் கிடந்த வெங்காயப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளி மத்தியானம் இந்தச் செய்தியைக் கேட்ட மனிதர், அன்றைக்கும் எனக்குக் கபாப் சுட்டுத் தந்திருக்கிறார். உப்புக்கூடச் சரியாக இருந்தது.

"இவைக்குத் தெரியுமோ?"

"இல்லை. ஆடு வாங்கியாச்சு, பாதிரி ஐயரிட்ட உப்பு வாங்கியாச்சு. இந்தச் சனம் எனக்காக வந்திருக்கு. இண்டைக்குச் சாப்பிட்டு முடியட்டும். நாளைக்குச் சொல்லுவம். நீங்களும் முகத்தில காட்டாதேங்கோ."

"யோகாவுக்கு?"

கழுவிய கம்பியையே மறுபடி கழுவினார். "அவவுக்கும் சொல்லேல்லை. அவ இண்டைக்கும் மரக்கறிதான் அன்ரி. நான் சொன்னாத்தானே அவவுக்கு முடியும்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், ஏப்ரனைக் கழற்றினார், நிமிர்ந்தார்.

உள்ளே போனதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஹாகோப் நெஞ்சுத் துண்டாகப் பார்த்து எடுத்து, லவாஷ் ரொட்டியின்மேல் வைத்து, முதல் தட்டை அவர் கையில் கொடுத்தார். சீரான் வாய்க்குள் ஏதோ செபித்தாள். பிரசாந்தன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். ஒன்பது வருடம் இறைச்சி மெல்லாத தாடை, மெதுவாக அசைந்தது. விழுங்கும்போது கழுத்து நரம்பு புடைத்தது. சீரான் அதைக் கண்டதும் "பலிச்சிட்டுது, பலிச்சிட்டுது" என்கிற மாதிரித் தன் பாஷையில் கத்தி அவரைக் கட்டிப்பிடித்தாள். ஆனி கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தாள்.

"பிடித்திருக்கிறதா பிரஷ்?" என்று ஹாகோப் கேட்டார்.

பிரசாந்தன் தட்டில் இருந்ததை முழுவதும் தின்றார். ரொட்டியால் தட்டை வழித்து அதையும் தின்றார். பிறகு வெறும் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, இன்னும் வேண்டுமென்று ஹாகோப்பிடம் நீட்டினார்.