அமுக்கினால் வெளுக்க வேண்டும்

"டீச்சரம்மா, இப்ப உங்க இடது கையைத் தூக்கப் போறேன். தூக்கிட்டு அக்குளைத் துடைப்பேன். தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு. பயப்படாதீங்க."

இவ்வளவும் சொன்ன பிறகுதான் கை நீளும். முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அவர் எல்லோருக்கும் சொல்லக்கா. சொல்லாமல் யாரையும் தொடமாட்டார். காது கேட்காதவரிடமும் சொல்வார். தூங்குகிறவர் பக்கத்தில் குனிந்து ரகசியம் போலச் சொல்வார். வீட்டிலும் இதே கதைதான். "செருப்பு போடுறதுக்கு முன்னாடி செருப்புகிட்ட பர்மிஷன் கேக்குறவ இவ" என்று பஸ் ஓட்டும் அவர் கணவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்டி, வாரேன் தொடுறேன்னு காலங்காத்தால முழங்குறியே, எலக்‌ஷன்ல நிக்கிறியா?"

"ஆமா பெரியம்மா. அடுத்து உங்க கட்டிலுக்குத்தான் பிரச்சாரத்துக்கு வர்றேன், நைட்டியைத் தயாரா வச்சுக்கங்க."

குளிப்பாட்டுவதில் அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் திரையை இழுத்துவிடுவார். முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்ப்பார். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் துடைப்பார், ஒரு கண்ணுக்குத் துணியின் ஒரு மூலை, அடுத்த கண்ணுக்கு வேறு மூலை. துடைக்கும் இடம் தவிர மற்ற உடம்பெல்லாம் துண்டுக்குள் இருக்கும். "ஒரு கை தெரிஞ்சா ஒரு கைதான் தெரியணும். முழுசா திறந்து போட்டா அது மனுஷியா, மேசையா?" என்பார். விரலிடுக்கு, மார்புக்கு அடி, தொடை மடிப்பு எதிலும் ஈரம் தங்கவிடமாட்டார்.

இத்தனை வாய் பேசுகிறவர் ஒரு பயந்தாங்கொள்ளி என்பது பலருக்குத் தெரியாது. சக்கர நாற்காலியின் பிரேக்கை மூன்று முறை ஆட்டிப் பார்ப்பார். ஊட்டி முடித்த பிறகும் கன்னத்துக்குள் கவளம் ஒளிந்திருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், படுத்தே கிடப்பவர்களைத் திருப்பிப் போடும்போதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எலும்பு அழுத்தும் இடத்தில் தோல் சிவக்கும். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி, மூன்று எண்ணி எடுக்க வேண்டும். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் நிம்மதி. வெளுக்கவே இல்லையென்றால் உள்ளே சதை சாக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அது வெடித்தால் எலும்புவரை குழி பறிக்கும். போன வருடம் கீழ் மாடியில் ஒருவருக்கு அப்படி ஆனது. அவரைப் பார்த்துக்கொண்ட பெண்ணை அன்று மதியமே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். தன் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, சீருடையோடு அவள் வெறுங்காலாகப் படியிறங்கிப் போனதைச் சொல்லக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை டீச்சரம்மாவின் முகத்தைத் துடைக்கும்போதே அவர் பார்வை கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போய் வந்தது. டீச்சரம்மா நாற்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் இல்லை. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்க்கும்.

நேற்று நடந்தது இது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில், திருப்பியதும் அந்த நேரத்துக்கு டிக் போட வேண்டும். கை ஈரமாகவே இருக்கிற வேலை இது. அதனால் எல்லோரும் செய்வது போல அவரும், கை காய்ந்திருந்த பன்னிரண்டு மணிக்கே, ரெண்டுக்கும் நாலுக்கும் சேர்த்து டிக் போட்டுவிட்டார். ரெண்டு மணிக்குக் கடைசி அறைப் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எல்லோரும் ஓடினார்கள். ரத்தம், ஆம்புலன்ஸ், அவர் மகனுக்குப் போன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், ரெண்டுக்கும் நாலுக்கும் திருப்பாதது நினைவுக்கு வந்து சொல்லக்காவின் கை தட்டிலேயே நின்றது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து திருப்பியது ஆறு மணிக்கு. ஆறு மணிநேரம் டீச்சரம்மா மல்லாக்கவே கிடந்திருக்கிறார்.

முழங்காலை மடித்து, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, டீச்சரம்மாவைத் தன் பக்கம் உருட்டினார். எதுவும் சொல்லவில்லை.

"என்னடி இன்னைக்கு மைக் ரிப்பேரா?" என்றது பக்கத்துக் கட்டில்.

சொல்லக்கா எட்டிப் பார்த்தார். முதுகுத்தண்டின் அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்குக் கருஞ்சிவப்பு. அமுக்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. எடுத்தார். நிறம் அசையவில்லை. இன்னொரு முறை அமுக்க விரல் போனது. பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு இடத்தில் வேலை யார் தருவார்கள்? டீச்சரம்மாவின் கண் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டார்.

நர்ஸ் சின்னப் பெண், மகள் வயது. வந்து குனிந்து பார்த்தாள், தானும் அமுக்கிப் பார்த்தாள். தாளைப் பலகையோடு கழற்றிக் கையில் எடுத்தாள்.

"எப்படிக்கா இது? நேத்து பன்னெண்டு, ரெண்டு, நாலு, எல்லாம் டிக் இருக்கே. உங்க டியூட்டிதானே?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப இந்தக் காத்து மெத்தைதான். காத்து இறங்கியிருக்கும். மெத்தைக்காரனை வரச் சொல்றேன், மாத்திட்டா சரியாயிடும். நீங்க ஏன்க்கா இப்படி வேர்த்துக் கொட்டுறீங்க? நீங்கதான் கரெக்டா திருப்பிட்டீங்களே."

தப்பித்துவிடலாம் என்று தெரிந்தது. பயம் ஒரு நொடி பிடியை விட்டது. மெத்தை மாறும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதும், மறுபடி மல்லாக்கப் போடுவதும் மாறாது. அந்தப் பொத்தானின் மேலேயே மொத்த உடம்பும் மறுபடி உட்காரும். பயம் திரும்பி வந்தது, இந்த முறை வேறு முகத்தோடு.

"மெத்தையில காத்து சரியாத்தான் இருக்கு சிஸ்டர்."

"அப்புறம்?"

"இனிமே மல்லாக்கப் போடவே கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும்."

"ஏன், என்னாச்சு? சொல்லுங்கக்கா."

சொல்லக்கா நர்ஸின் சட்டைப் பையிலிருந்த பேனாவை இடது கையால் உருவினார். நர்ஸ் பிடித்திருந்த பலகையின் மேலேயே, ரெண்டு மணி டிக்கைக் குறுக்கே அடித்தார். பிறகு நாலு மணி டிக்கை. பழக்கமில்லாத கை, கோடு கோணலாகப் போய்க் கட்டத்தைத் தாண்டியது. டீச்சரம்மா மறுபடி மல்லாக்கச் சாய்ந்துவிடாதபடி, வலது கை அவர் இடுப்பைப் பிடித்தபடியே இருந்தது.