ஒரிஜினல் பங்கரில் இருக்கிறது

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், தியாகராசா இருக்கிறார். வயது எழுபத்தொன்று. இருபத்தோராவது வயதில் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவுக்குப் போய் ஆறு வருடம் நீர்ப்பாசனப் பொறியியல் படித்தவர். படித்த பொறியியல் நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு ஓய்வு பெற்றுவிட்டது. மொழி மட்டும் இன்னும் வேலை செய்கிறது. ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளின் சான்றிதழ்களை மொழிபெயர்த்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற இறப்பர் முத்திரையைக் குத்திக் கொடுப்பார். "உடற்கூற்றியல்: சிறப்புச் சித்தி" என்று அவர் எழுதிக் கொடுத்த டொக்டர்கள்தான் இன்று வெள்ளவத்தையின் பாதிப் பேருக்குப் பிரஷர் பார்க்கிறார்கள்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. மூலப் பிரதியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் ஒரு எழுத்தும் மொழிபெயர்க்க மாட்டார். சொந்த மருமகனின் பட்டச் சான்றிதழையே, லாமினேற் பண்ணிவிட்டான் என்று திருப்பி அனுப்பியவர்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்தப் படிகளில் வேறு வகை ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். இதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த 2009இல் இந்த நாட்டில் படைவீரர் என்றால் பாற்சோறு. காலி வீதியில் நின்று கொடுத்தார்கள். நாங்களும் கை நீட்டி வாங்கினோம். வாங்காமல் போக யாருக்குத் துணிச்சல்? நன்றாகத்தான் இருந்தது, கட்டைச்சம்பலில் மட்டும் உறைப்புக் கூட. பதினைந்து வருடம் போய், நாட்டின் பொருளாதாரமும் படுத்த பிறகு, அந்த வீரர்களில் சிலர் முகவர்களை நம்பி ரஷ்யாவின் போருக்குப் போனார்கள். சமையல் வேலை என்றார்கள், சாரதி வேலை என்றார்கள். போய் இறங்கினால் பதுங்குகுழி. இப்போது அவர்களுக்குப் பெயர் கூலிப்படை. பேஸ்புக்கில் "ஆர் போகச் சொன்னது?" என்று சிங்களத்திலும் "நல்லா வேணும்" என்று தமிழிலும் எழுதினார்கள். இத்தனை வருடம் தேடிய தேசிய ஒற்றுமை கடைசியில் அங்கேதான் கிடைத்தது.

நிலூக்கா களனியிலிருந்து வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கணவன் துஷார முன்னாள் கோப்ரல். அவன் அனுப்பிய புகைப்படம் ஒன்று அவளுடைய போனில் இருந்தது. அச்சடித்த ரஷ்யக் கடதாசி, அடியில் கையெழுத்துக்கு வெற்றுக் கோடு. லீவுப் பத்திரம் என்று அதிகாரி சொல்கிறானாம். அங்கே மத்தியானத்துக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் நேரப்படி இரண்டரை.

"ஒரிஜினல் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார் தியாகராசா.

"அது பங்கரில் இருக்கு, அங்கிள்."

"ஒரிஜினல் இல்லாமல் நான் செய்யிறதில்லை, மகள். அது முறை."

அவள் திகைத்துப்போய், கையில் இருந்த ஒரே சிபாரிசையும் எடுத்து வைத்தாள். "அவருக்கு இந்தப் பக்கமெல்லாம் நல்லாத் தெரியும், அங்கிள். யுத்த காலத்தில, வன்னிக்குப் போக முதல், வெள்ளவத்தையிலதான் டியூட்டி. இங்க ஆட்கள் நல்லவங்கள் எண்டு எப்பவும் சொல்லுவார்."

தியாகராசா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பவும் போட்டார். பிறகு, ஒரிஜினல் வந்தால் கொண்டு வரச் சொன்னார்.

அவள் கீழே போகவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மனைவி அன்னபாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டார்.

"ஆமிக்காரன்ர மனிசிக்குத் தேத்தண்ணி ஊத்திற காலமும் வந்திட்டுது," என்றார், கணவருக்குக் கேட்கும்படி.

"நான் ஊத்தச் சொன்னனானே?"

"நீங்கள் ஒண்டையும் சொல்லமாட்டியள். ஒரிஜினல் எண்டு மட்டும் சொல்லுவியள்." கோப்பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். "பேப்பரைப் பாத்து வாயால சொன்னால் உங்கட முத்திரை தேஞ்சு போகுமே?"

"உமக்குத் தெரியாது. பிழைச்சால் பொறுப்பு என்ர."

"எங்கட ஜனாவுக்கு ஒருத்தர் வாசிச்சுச் சொல்லியிருந்தால்?"

அந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. 2008இல் மகன் ஜனாவை, இருபத்திரண்டு வயதில், இதே வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் வைத்து ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். விடுதலைப் பத்திரம் என்று சிங்களத்தில் ஒரு கடதாசியை நீட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் படித்த பிள்ளை. சிங்கள எழுத்துத் தெரியாது. வீட்டுக்குப் போகலாம் என்ற சந்தோசத்தில் கையெழுத்து வைத்தான். அது விடுதலைப் பத்திரம் அல்ல, ஒப்புதல் வாக்குமூலம். பதினொரு மாதம் உள்ளே இருந்தான். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான். பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டீசைக்கூட மூன்று தரம் வாசிக்காமல் கையெழுத்து வைக்க மாட்டானாம்.

தியாகராசா எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். "மகள், கீழ ஸஹாப்தீன் நானாவின்ர போட்டோக்கொப்பிக் கடை இருக்கு. அதைப் பெரிசா அடிச்சுக்கொண்டு வாரும்."

அவருக்குக் கையில் பிடிக்க ஒரு கடதாசியாவது வேண்டும்.

ஸஹாப்தீனே கடதாசியோடு மேலே வந்தார். "சேர், எழுத்தெல்லாம் தலைகீழா ஈக்கி. மெஷின்ட பிழையில்ல, முதலே செல்லிட்டேன்."

"அது அப்பிடித்தான், நானா."

தியாகராசா ஒருமுறை வாசித்தார். விரலை வைத்து இரண்டாம் முறையும் வாசித்தார். கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பழகிய கண்ணுக்கு, அதில் இருந்த சொற்கள் புதிது. லீவு என்ற சொல் எங்கேயும் இல்லை.

"அவரைக் கூப்பிடும். கெதியா."

ஆறாம் தரம்தான் தொடர்பு கிடைத்தது. படம் இல்லை, குரல் மட்டும்.

"தம்பி, வடிவாக் கேளும். இது லீவுப் பத்திரமில்லை. தாக்குதல் பிரிவுக்கு என்ர விருப்பத்தில போறன், என்ன நடந்தாலும் நட்டஈடு கேக்கமாட்டன் எண்டு இருக்கு. கையெழுத்து வையாதையும்."



"நாங்கள் ஏழு பேர், சேர். ஆறு பேர் வைச்சிட்டாங்கள். வைக்காட்டி சாப்பாடு இல்லையாம். பயந்தாங்கொள்ளி எண்டு சிரிக்கிறாங்கள்." பிறகு மனைவியைக் கேட்டான். "நிலூக்கா, ஊரில எங்களைப் பற்றி என்ன சொல்லுறாங்கள்?"

ஊரில் ஒரு சங்கம் உண்டு. அவன் வன்னியிலிருந்து வந்தபோது சந்தியில் பதாகை கட்டிய சங்கம். போன மாதம் அவள் உதவி கேட்டுப் போனபோது, செயலாளர் வீட்டிலேயே இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னார்.

"எல்லாரும் விகாரையில உங்களுக்குப் பூசை வைக்கினம்," என்றாள் நிலூக்கா. "உங்களைப் பற்றிக் கேக்காத நாளில்லை."

"உண்மையா, சேர்?"

நாற்பது வருடமாக ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர் தியாகராசா. "ஓம், தம்பி," என்றார். "இங்க வெள்ளவத்தையிலயும் கேக்கினம்."

அன்னபாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸஹாப்தீன் தொப்பியைச் சரிசெய்தார்.

"இப்ப நான் சொல்லுறதை சிங்கள எழுத்தில எழுதும். பெஸ் பெரெவோச்சிக்கா நி பத்பிஷூ. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு அர்த்தம். கோவப்படாமல் சொல்லும். திரும்பத் திரும்பச் சொல்லும்."

அவன் சொல்லிப் பார்த்தான். நாக்குப் பிரண்டது. தியாகராசா பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எட்டுத் தரம் சொல்ல வைத்தார். நிலூக்காவும் முணுமுணுத்தாள். மூன்றாம் மாடியில் களனிப் பெண்ணும் கொப்பிக்கடை நானாவும் ரஷ்யப் பாடம் படித்துக்கொண்டிருக்கையில் லைன் அறுந்தது.

பிறகு நாலு நாள் ஒன்றும் இல்லை. அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஒற்றைக் குறி மட்டும் விழுந்தது. தியாகராசா ஒரு டொக்டர்ப் பிள்ளையின் சான்றிதழில் "நரம்பியல்" என்று எழுத வேண்டிய இடத்தில் "நட்டஈடு" என்று எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். அவர் வாழ்க்கையில் கிழித்த முதல் பக்கம் அது. "நீங்கள் பாட்டுக்கு வைக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டியள், அவனைச் சுட்டுப்போட்டாங்களோ?" என்று அன்னபாக்கியம் கேட்டார். தியாகராசா சாப்பிடாமல் எழும்பினார்.

ஐந்தாம் நாள் நிலூக்கா படியேறி ஓடி வந்தாள். குரல் பதிவு ஒன்று. கையெழுத்து வைக்கவில்லையாம். இரண்டு நாள் சாப்பாடு தரவில்லையாம். பிறகு தூக்கிச் சமையல் பகுதியில் போட்டார்களாம். மூட்டை சுமக்கவும் உருளைக்கிழங்கு உரிக்கவும். அந்த ஆறு பேரும் வெள்ளிக்கிழமை முன்னுக்குப் போனார்கள். இன்னும் ஒருவரும் திரும்பவில்லை.

பதிவின் கடைசியில் குரல் தணிந்திருந்தது. "இங்க ஒருத்தரும் என்னோட கதைக்கிறதில்லை. அவங்கட முகம்தான் கண்ணுக்குள்ள நிக்குது. அந்த சேரிட்டைக் கேளு, நான் செய்தது சரியா எண்டு."

தியாகராசா அதை மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

"என்ன யோசினை?" என்றார் அன்னபாக்கியம், தமிழில். "பெடியன் கேக்கிறான் எல்லே."

"சரி எண்டு சொல்லும், மகள்," என்றார் தியாகராசா. போனைத் தானே வாங்கி, வாய்க்குக் கிட்டப் பிடித்தார். "தம்பி, சரி. நூறு வீதம் சரி. ஆறு பேற்ற பேரையும் அனுப்பும். ஆற்றையாவது வீட்டுக்கு ரஷ்யக் கடதாசி வந்தால் இங்க கொண்டு வரச் சொல்லும். போட்டோ எண்டாலும் பரவாயில்லை."