ராவுத்தர் சரக்கில் எண்ணெய் இல்லை

நான் கையெழுத்திட்ட ஒரு ரிப்போர்ட்டால், உத்தமபாளையம் மீரான் ராவுத்தரின் ஏலக்காயை நான்கு நாட்களாக யாரும் வாங்கவில்லை. யுத்தத்துக்கு முந்திய காலம். தேனியில் ஏலக்காய் வியாபாரிகள் சேர்ந்து வைத்திருந்த சின்ன லேபரட்டரியில் நான் கெமிஸ்டாகச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

ஏலக்காய்க் கலப்படம் கண்ணுக்குத் தெரியாது. நீராவியில் வைத்து எண்ணெயை எடுத்துவிட்டு, காயை உலர்த்தி நல்ல சரக்கோடு கலந்து விற்பார்கள். அதைக் கண்டுபிடிக்க, விதையை இடித்துக் குடுவையில் தண்ணீரோடு கொதிக்கவைப்போம். ஆவி கண்டென்சரில் குளிர்ந்து அளவுக் குழாயில் இறங்கும். மேலே மிதக்கும் எண்ணெய்தான் கணக்கு. ராவுத்தர் சரக்கில் வரவேண்டியதில் பாதிகூட வரவில்லை. ‘எண்ணெய் எடுத்த காய்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவரே வந்தார். அறுபது வயதிருக்கும். சத்தம் போடவில்லை. ஒரு பிடி காயை மேஜையில் வைத்தார்.

“நாப்பது வருசமா இந்த யாவாரம், தம்பி. ஒண்ணக் கடிச்சுப் பாருங்க.”

“நாக்கை வைத்து ரிப்போர்ட் எழுத முடியாதுங்க.”

“எழுத வேணாம். கடிச்சாப் போதும்.”

கடித்தேன். காரம் மூக்குவரை ஏறியது. மீதிக் காயை இடித்து, அவர் எதிரிலேயே குடுவையை ஏற்றினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி கழித்துக் கேட்டார்:

“இங்கன இம்புட்டு வாசம் அடிக்குதே. குழாய்க்குப் போக வேண்டியது வெளிய போகுதோ?”

ஏலக்காய் லேபரட்டரியில் ஏலக்காய் மணக்கத்தானே செய்யும் என்று அதுவரை இருந்துவிட்டேன். குடுவை வாயருகே குளிர்ந்த கண்ணாடித் துண்டைப் பிடித்தேன், பனி பூத்தது. குடுவையை அடைத்திருந்த கார்க் சுருங்கி ஆவி கசிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. புதுக் கார்க் போட்டு, மாவுப் பசை பூசி மறுபடி கொதிக்கவைத்தேன். எண்ணெய் முழு அளவுக்கு நின்றது.

லேபரட்டரி சூப்பரின்டென்டென்ட்டிடம் சொன்னேன். “தப்புன்னு எழுதினா லேபரட்டரி பேரு கெட்டுப் போகும். புது சாம்பிள்னு போட்டு வேற ரிப்போர்ட் குடுத்திரும்” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘முதல் ரிப்போர்ட் என் பிழை’ என்று எழுதினேன். மறுநாள் பஸ் ஏறி, உத்தமபாளையம் கடைவீதியில் கடை கடையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வேலை போகும் என்றே நினைத்தேன். போகவில்லை.

அதன்பின் தினமும் நல்லதென்று தெரிந்த காயை முதலில் கொதிக்கவைப்பேன். அதில் அளவு சரியாக வந்தால்தான் பிறர் சரக்கைத் தொடுவேன். இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து, உண்மையிலேயே எண்ணெய் எடுத்த சரக்கு ஒன்று சிக்கியது. அதன் சொந்தக்காரர் கம்பம் பஜாரில் என்னை மறித்து, “உம்ம குழாய்தான் தப்பு” என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. அங்கே சரக்குப் பார்க்க வந்திருந்த ராவுத்தர் சாவகாசமாகச் சொன்னார்:

“தப்புன்னா அவுகளே வந்து சொல்லுவாக.”